ஹெக்ஸம்: ரோமானியக் கற்கள் குடியேறிய ஊர்

வட இங்கிலாந்தில், நியூகாசிலில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கும் உறவினர்கள் எல்லாரும் கேட்பது, ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் தன் வட எல்லையில் எழுப்பிய சுவரைத்தான். காரில் ஒரு மணி நேரம் போய், குன்றின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டு, மாலைக்குள் திரும்பிவிடலாம் என்ற கணக்கோடு வருகிறார்கள். நான் அவர்களை முதலில் ஹெக்ஸம் ஊருக்குத்தான் அழைத்துப் போவேன். சுவரைப் பார்க்கக் கிளம்பியவர்களை ஒரு தேவாலயத்தின் நிலவறைக்குள் இறக்கினால் சற்று முகம் சுளிக்கத்தான் செய்வார்கள். ஆனால் ரோமானியர் கட்டி விட்டுப்போனவற்றில் பாதிக்கு மேல் ஏன் தரையோடு தரையாகக் கிடக்கிறது, அந்தக் கல்லெல்லாம் எங்கே போயிற்று என்று மலை மேல் ஏறிய பிறகு எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கான விடை ஹெக்ஸமில் கட்டடங்களாக நிற்கிறது. விடையை முதலில் பார்த்துவிட்டுப் போனால் சுவர் வேறு மாதிரி தெரியும்.

நியூகாசில் சென்ட்ரலிலிருந்து கார்லைல் செல்லும் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ஹெக்ஸம் வந்துவிடும். போகும்போது வண்டி செல்லும் திசைக்கு வலப்பக்கம் ஜன்னலோரம் உட்காருங்கள்; டைன் ஆறு அந்தப் பக்கம்தான் கூடவே வரும். வழியில் வரும் வைலம் என்ற சிற்றூரில், ஆற்றுக்கு அக்கரையில், ரயில் என்ஜின் புகழ் ஜார்ஜ் ஸ்டீவன்சன் 1781இல் பிறந்த வீடு இருக்கிறது. ஹெக்ஸம் ரயில் நிலையமே 1835இல் திறக்கப்பட்டது. உலகில் ரயில் நிலையம் என்ற ஒன்று பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. காரில் வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த மாவட்டத்தில் பல இலவச நிறுத்துமிடங்களில் நீங்கள் வந்த நேரத்தைக் காட்டும் வட்ட அட்டை ஒன்றைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். உள்ளூர்க் கடைகளில் ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும். அட்டை இல்லையென்றால் இலவச இடத்துக்கும் அபராதம் வரும்.

நிலையத்திலிருந்து மெல்லிய ஏற்றத்தில் பத்து நிமிடம் நடந்தால் சந்தைத் திடல். நான் இந்த ஊரை விரும்புவதற்குக் காரணமே இந்தத் திடலின் அளவுதான். ஒரே இடத்தில் நின்றுகொண்டு கழுத்தை மட்டும் திருப்பினால் தேவாலயம், பழைய நீதிமன்றக் கோபுரமான மூட் ஹால், 1766இல் கட்டிய தூண் மண்டபம் எல்லாம் தெரியும். அந்த மண்டபத்துக்கு ஷாம்பிள்ஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் இறைச்சிக் கடைகள் இருந்த இடம். இன்று மழை வந்தால் ஒதுங்கவும், சந்தை நாளில் கடை போடவும் பயன்படுகிறது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே சந்தை கூடுகிறது. செவ்வாயும் சனியும் சந்தை நாட்கள். பெரிதாக எதிர்பார்த்து வராதீர்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, செடி, இறைச்சி, கம்பளிக் காலுறை என்று கொஞ்சம் கடைகள்தான். ஆனால் வாங்க வருகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். சேற்றுக் காலணியோடு பண்ணைக்காரர்கள் வருகிறார்கள். இந்த ஊரின் ஆட்டு, மாட்டுச் சந்தை வட இங்கிலாந்தில் பேர் பெற்றது. ஊரின் உயிர்நாடி இன்றும் அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

அமைதியாகத் தெரிகிற இந்தத் திடல் இரண்டு முறை ரத்தம் பார்த்திருக்கிறது. 1464 மே மாதம், இங்கிலாந்தின் அரியணைக்காக லங்காஸ்டர், யார்க் குடும்பங்கள் மோதிய ரோஜாப் போர்களின்போது ஊருக்கு வெளியே நடந்த சண்டையில் லங்காஸ்டர் தரப்பு தோற்றது. அதன் தலைவரான சாமர்செட் கோமகனின் தலையை இந்த ஊரில் வைத்து வெட்டினார்கள். 1761 மார்ச் 9ஆம் தேதி நடந்தது அதைவிடக் கொடுமை. குலுக்கல் முறையில் ஆட்களைக் குடிப்படையில் சேர்க்கும் சட்டத்தை எதிர்த்துச் சுற்று வட்டாரக் கூலிகளும் சுரங்கத் தொழிலாளர்களும் இங்கே கூடினார்கள். பணக்காரன் பணம் கட்டி மாற்று ஆளை அனுப்பிவிடலாம், ஏழைக்கு அந்த வழி இல்லை என்பது அவர்கள் ஆத்திரம். யார்க்ஷயரிலிருந்து வந்திருந்த குடிப்படையினர் கூட்டத்தின் மீது சுட்டார்கள். ஐம்பது பேர் அளவில் செத்தார்கள். அந்தப் படைக்கு 'ஹெக்ஸம் கசாப்புக்காரர்கள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இனி தேவாலயம். நுழைவுக் கட்டணம் இல்லை. விருப்பப்பட்டதைப் பெட்டியில் போடலாம். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது. நிலவறையை நாளின் சில வேளைகளில் மட்டுமே திறக்கிறார்கள். ஆகவே உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அது எப்போது என்று கேட்டுவிடுங்கள். அந்த நேரத்தை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் அடுக்க வேண்டும். படி செங்குத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகத்தான் இறங்க முடியும். குறுகலான இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மேலேயே நின்றுவிடுவது நல்லது.

வில்ஃப்ரிட் என்ற ஆயர் 674ஆம் ஆண்டையொட்டி இங்கே ஒரு தேவாலயம் கட்டினார். நிலம் கொடுத்தவர் நார்தம்பிரியாவின் அரசி எதெல்திரித். அந்தக் கட்டடத்தை 875இல் வைக்கிங்குகள் அழித்தார்கள். மேலே இன்று நிற்பது பெரும்பாலும் பிற்காலத்து வேலை, நடுக்கூடம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. தப்பியது நிலவறை மட்டும். 1725இல் வேலையாட்கள் தற்செயலாக அதைக் கண்டுபிடிக்கும்வரை அது கிடந்த இடமே மறந்துபோயிருந்தது. வில்ஃப்ரிட் புதிதாகக் கல் வெட்டவில்லை. ஆறு கிலோமீட்டர் அளவு தள்ளி, பாழடைந்து கிடந்த கார்பிரிட்ஜ் ரோமானிய நகரத்திலிருந்து தயார்க் கல்லை எடுத்து வந்துவிட்டார்.

பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா வந்திருந்தபோது, நான் விளக்கத் தொடங்குவதற்கு முன்பே சுவரோரம் குனிந்துவிட்டார். "இந்தக் கல்லில் இரண்டு கை தெரிகிறது, பார்த்தாயா? கொத்தினவன் ஒருத்தன், அடுக்கினவன் இன்னொருத்தன். அடுக்கினவனுக்கு இந்தப் பூ வேலை எதற்கு என்றே தெரியவில்லை" என்றார். உண்மைதான். ஓர் அலங்காரப் பட்டை சுவரில் பாதியில் தொடங்கிப் பாதியில் முடிகிறது. சில இடங்களில் ஏழாம் நூற்றாண்டுக் காரைப்பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலைப்பாடு வெளியே தெரிய வேண்டும் என்று கட்டியவர்கள் நினைக்கவே இல்லை, பூசி மறைத்திருக்கிறார்கள்.

அங்கே பதித்திருக்கும் கற்களில் ஒன்றை விடாமல் பாருங்கள். பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ், அவருடைய மகன்கள் கராகல்லா, கெட்டா ஆகியோர் பெயரில் பொறித்த கல்வெட்டு அது. செவெரஸ் 211இல் யார்க் நகரில் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டு, பேரரசு முழுவதும் தம்பியின் பெயரைச் செதுக்கி எடுக்க உத்தரவிட்டான். ரோமுக்கு இவ்வளவு தூரத்தில், பேரரசின் வடகோடியில் இருந்த இந்தக் கல்லுக்கும் அந்த உத்தரவு வந்து சேர்ந்திருக்கிறது. கெட்டாவின் பெயர் இருந்த இடத்தைக் கொத்திவிட்டார்கள். ஆனால் உளி பட்ட பள்ளமே அவன் பெயர் எங்கே இருந்தது என்று காட்டிக்கொடுக்கிறது.

மேலே ஏறி வந்தால் தெற்குப் பக்கத்தில் அகன்ற கல் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. துறவிகள் நள்ளிரவு ஆராதனைக்குப் படுக்கையறையிலிருந்து நேராக இறங்கி வந்த படி. நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். அதன் அடியில்தான் ஃப்ளாவினஸ் நிற்கிறான். ரோமானியக் குதிரைப் படையில் கொடி ஏந்திய வீரன். வயது 25, சேவை ஏழு ஆண்டு என்று அவன் கல்லறைக் கல் சொல்கிறது. மேலே அவன் குதிரையில் பாய்கிறான். கீழே குதிரையின் காலடியில் தாடிக்கார உள்ளூர்க்காரன் ஒருவன் கத்தியோடு குந்தியிருக்கிறான். ஆள் உயரத்தைவிட மிகப் பெரிய இந்தக் கல்லை 1881இல் இதே கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து எடுத்தார்கள். ஒரு வீரனின் நினைவுக்கல் பல நூற்றாண்டுகள் அஸ்திவாரப் பலகையாக இருந்திருக்கிறது. பாடகர் பகுதியில் ஒரே கல்லில் குடைந்த சாக்சன் காலத்து இருக்கையும் உண்டு. குற்றவாளி ஓடிவந்து அடைக்கலம் கேட்ட மரபோடு அது சேர்த்துப் பேசப்படுகிறது.

அடுத்தது பழைய சிறை. திடலிலிருந்து மூட் ஹால் வளைவுக்குள் நுழைந்து இறங்கினால் போதும். இங்கிலாந்தில் சிறைக்கென்றே கட்டிய முதல் கட்டடம் என்று இதைச் சொல்கிறார்கள். 1330களின் தொடக்கத்தில் யார்க் பேராயர் உத்தரவில் எழுந்தது. அரசருக்கு இல்லாத அதிகாரம் பேராயருக்கு எப்படி என்று கேட்கத் தோன்றும். 16ஆம் நூற்றாண்டுவரை இந்த வட்டாரமே பேராயரின் தனி ஆட்சிப் பகுதி. இங்கேயும் கார்பிரிட்ஜ் கல்தான். எல்லைப்புறக் கொள்ளைக் குடும்பங்களின் கதையை இங்கே நன்றாகச் சொல்கிறார்கள். சார்ல்டன், ராப்சன், டாட், மில்பர்ன் என்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மாடு திருடி, பழிவாங்கி வாழ்ந்தன. அந்தப் பெயர்களை இன்றும் இந்த ஊர்க் கடைப் பலகைகளில் படிக்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்ல செய்தி: பாதாளச் சிறைக்கு இறங்க லிஃப்ட் இருக்கிறது. குளிர்காலத்தில் மூடியிருக்கும் வாய்ப்பு உண்டு, பார்த்துவிட்டுப் போங்கள்.

சாப்பாடு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பக்கத்துக்கே உரிய தட்டையான, கனமான ரொட்டி ஒன்று உண்டு, ஸ்டாட்டி என்று பெயர். அதற்குள் பீஸ் புட்டிங் தடவித் தருவார்கள். பட்டாணிப் பருப்பைக் குழைய வேகவைத்து ஆறவைத்தது. மிளகாயும் தாளிப்பும் இல்லாத நம் பருப்புக் கடைசல் கெட்டியானால் எப்படி இருக்குமோ அப்படி. சைவம் என்று நம்பிக் கையை வைத்துவிடாதீர்கள். வழக்கமாகப் பன்றி இறைச்சி வேகவைத்த நீரில்தான் பருப்பை வேகவைப்பார்கள். கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். சைவர்களுக்குப் பாலாடைக்கட்டி ஸ்கோன், சூப், வேகவைத்த உருளைக்கிழங்கு மேல் பீன்ஸ் என்று தப்பித்துக்கொள்ளலாம். அப்பாவுக்காக நாங்கள் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு போனோம். தேவாலயத்தை ஒட்டி இருக்கும் சீல் பூங்காவில் பெஞ்சுக்குக் குறைவே இல்லை. சோற்றை எடுத்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

இனி சுவர். ஹெக்ஸமிலிருந்து சுவர் வழியாகப் போகும் பஸ்ஸின் எண் ஏ.டி.122. சுவரைக் கட்டத் தொடங்கிய ஆண்டைத்தான் எண்ணாக வைத்திருக்கிறார்கள். செஸ்டர்ஸ், ஹவுஸ்டெட்ஸ் கோட்டைகள், தி சில் என்ற பார்வையாளர் மையம், வின்டோலாண்டா என்று முக்கியமான இடங்கள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு ஹால்ட்விசில்வரை போகும். அங்கிருந்து அதே ரயில் பாதையில் திரும்பிவிடலாம். கோடையில் வசதி, குளிர்காலத்தில் மிகவும் குறைத்துவிடுவார்கள். போகும் பஸ்ஸை அல்ல, திரும்பும் கடைசிப் பஸ்ஸை முதலில் குறித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். மேலே மொபைல் சிக்னல் பல இடங்களில் வராது. டாக்சியைக் கூப்பிடலாம் என்ற நம்பிக்கை வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாக் கோட்டைகளையும் பார்க்க முயல்கிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. வயதானவர்களோடு போனால் செஸ்டர்ஸ் போதும். நிலம் பெரும்பாலும் சமதளம். வடக்கு டைன் கரையில் குதிரைப் படையின் குளியல் கூடம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. மர நிழல் உண்டு. அருகிலேயே அருங்காட்சியகம், தேநீர்க் கடை. ஹவுஸ்டெட்ஸ் கம்பீரமானது, ஆனால் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கோட்டைக்குப் பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம். நாலாபுறமும் மறைப்பே இல்லாத மேடு. ஏறினால், பிரிட்டனில் மிக நன்றாக எஞ்சியிருக்கும் ரோமானியக் கழிப்பறையைப் பார்க்கலாம். வரிசையாக உட்கார்ந்த வீரர்களுக்குக் கீழே நீர் ஓடும் ஆழமான வாய்க்கால், காலடியில், துடைத்துக்கொண்ட பஞ்சை அலச இன்னொரு சின்ன வாய்க்கால். அப்பா கோட்டைச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மழைநீரைத் தொட்டிகளில் பிடித்து இந்த வாய்க்காலுக்கு எப்படித் திருப்பியிருக்கிறார்கள் என்று அரை மணி நேரம் வாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே வந்த பிறகுதான் அந்தப் பழைய கேள்வி வரும்: மீதிக் கல் எங்கே? பண்ணை வீடுகளிலும் வேலிச் சுவர்களிலும் கொஞ்சம். பெரிய கொள்ளையை அரசாங்கமே செய்தது. 1745இல் ஸ்காட்லாந்திலிருந்து, அரியணை இழந்த ஸ்டுவர்ட் வம்சத்தை ஆதரித்த ஜாக்கபைட் படை தெற்கே இறங்கியபோது, நியூகாசிலில் இருந்த அரசப் படையால் பீரங்கிகளோடு குறுக்கே கார்லைலுக்குப் போக முடியவில்லை, காரணம் சாலை சரியில்லை. அதனால் 1750களில் புதிதாக ராணுவச் சாலை போட்டார்கள். நேரான பாதையும் வேண்டும், ஜல்லியும் வேண்டும். இரண்டும் சுவராகவே கிடைத்தது. மைல் கணக்கில் சுவரை இடித்து அதன் மேலேயே சாலை போனது. நீங்கள் போகும் பஸ் ஓடுவதும் அந்தச் சாலையில்தான். நியூகாசில் பக்கத்துப் பகுதியில் சுவரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மேல்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

எஞ்சியது எஞ்சியதற்கு ஜான் கிளேட்டன் என்ற ஒரு மனிதரின் பிடிவாதம் முக்கியக் காரணம். நியூகாசில் நகர நிர்வாகத்தில் உயர் பதவி வகித்த வழக்கறிஞர், 1792இல் பிறந்து 98 வயதுவரை வாழ்ந்தவர். அவருடைய அப்பா செஸ்டர்ஸில் மாளிகை முன்னால் புல்வெளி சீராக இருக்க வேண்டும் என்று கோட்டை இடிபாடுகளை மண் போட்டு மூடியிருந்தார். மகன் அதையே தோண்டி எடுத்தார். சுவரோரப் பண்ணைகள் விற்பனைக்கு வரும்போதெல்லாம் வாங்கி, கல் எடுப்பதை நிறுத்தினார். அவருக்குப் பின் சொத்து ஒரு வாரிசின் சூதாட்டத்தில் கரைந்து 1929இல் ஏலத்துக்கு வந்தது. அந்த ஏலத்தில் வின்டோலாண்டா இருந்த நிலத்தை வாங்கியவர் எரிக் பிர்லி என்ற இளம் தொல்லியலாளர். அவர் மகன் ராபின் பிர்லிதான் 1973இல் அங்கே ஒரு வடிகால் தோண்டும்போது, மரச் சீவல் போல் ஒட்டிக்கிடந்த இரண்டு மெல்லிய துண்டுகளைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே மை எழுத்து.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் வின்டோலாண்டாவைத்தான் சொல்வேன். அது சுவரின் மேல் இல்லை. சற்றுத் தெற்கே, சுவருக்கு முன்பே இருந்த கோட்டை. அடுத்தடுத்து வந்த படைகள் பழைய மரக் கட்டடங்களை இடித்துக் களிமண்ணும் புல்கட்டியும் போட்டு மூடிவிட்டு மேலே கட்டிக்கொண்டே போனார்கள். காற்றுப் புகாத ஈரச் சேற்றில் மரம், தோல், துணி எதுவும் மக்கவில்லை. ஆயிரக்கணக்கான செருப்புகள் கிடைத்திருக்கின்றன, குழந்தைகளுடையவை உட்பட. தோல் குத்துச்சண்டைக் கையுறை, மரக் கழிப்பறைப் பலகை எல்லாம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழுத்துப் பலகைகளில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில். சிலவற்றை இங்கே மங்கிய வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள்.

அஞ்சலட்டை அளவுதான் அந்தப் பலகைகள். கி.பி. 100ஐ ஒட்டி கிளாடியா செவெரா என்ற அதிகாரி மனைவி, வின்டோலாண்டா கோட்டைத் தலைவரின் மனைவி சல்பிசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். கடிதத்தின் பெரும்பகுதி ஓர் எழுத்தரின் கையெழுத்தில் இருக்கிறது. கடைசி வரிகளை அவளே சற்றுக் கோணலான கையெழுத்தில் சேர்த்திருக்கிறாள். ஒரு பெண்ணின் கையால் லத்தீனில் எழுதப்பட்டு எஞ்சியவற்றில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. வேறொரு பலகையில் யாருக்கோ காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பிய செய்தி. வேறொன்றில் உள்ளூர்க்காரர்களை மட்டம் தட்டும் ஒரு சொல்.

நம்மவர்கள் நிற்க வேண்டியது ஒரு கணக்குப் பலகையின் படியெடுப்புக்கு முன்னால். வீரர்கள் பெயரும் அவர்கள் வாங்கியதும் வரிசையாக இருக்கின்றன. ஒரு வரியில்: மிளகு, இரண்டு தினாரி (ரோமானிய வெள்ளிக் காசு). அந்தக் காலத்தில் மிளகு விளைந்தது சேர நாட்டு மலைகளில். பொன்னோடு வந்த யவனர் கலங்கள் முசிறியிலிருந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடியிருக்கிறது. அங்கிருந்து செங்கடல், எகிப்துப் பாலைவனம், நைல், மத்தியதரைக் கடல் தாண்டி, இந்த ஈரக் குன்றுகளில் ஒரு சாதாரணச் சிப்பாயின் கஞ்சிக்குள் விழுந்திருக்கிறது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு வீட்டில் ரசம் வைத்தபோது மட்டும், "இதில் இரண்டு தினாரி போட்டிருக்கிறாயா?" என்று கேட்டார்.

வின்டோலாண்டாவில் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. நுழைவாயில் மேட்டில், அருங்காட்சியகமும் உணவகமும் கீழே ஓடைப் பள்ளத்தில். அகழ்விடத்தைச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கினால், பஸ் பிடிக்க மறுபடி ஏறியாக வேண்டும். கடைசிப் பஸ்ஸுக்கு முன் அந்த ஏற்றத்துக்கென்று நேரம் ஒதுக்குங்கள். கோடை மாதங்களில் போனால் அகழாய்வு நடப்பதையே கண்ணால் பார்க்கலாம். குழிக்குள் இருக்கும் தன்னார்வலர்களிடம் கேள்வி கேட்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறார்கள்.

டிக்கெட் விஷயத்தில் குழப்பம் வரும். செஸ்டர்ஸ், ஹவுஸ்டெட்ஸ், கார்பிரிட்ஜ் மூன்றும் பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பொறுப்பில் இருப்பவை. ஹவுஸ்டெட்ஸில், அதுபோன்ற இன்னொரு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் உறுப்பினர் அட்டையும் செல்லும். வின்டோலாண்டா தனி அறக்கட்டளை. அதற்குத் தனி டிக்கெட், ரோமானியப் படை அருங்காட்சியகத்தோடு சேர்த்து வாங்கினால் லாபம். இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று குறுகிய கால அனுமதி அட்டை விற்கிறது. நாட்டின் வேறு கோட்டைகளுக்கும் போவதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி முதியோர் ரயில் அட்டை எடுக்கலாம். பெரும்பாலான கட்டணங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பெற்றோர் சில வாரம் தங்கினாலே போட்ட பணம் திரும்பிவிடும்.

உடை பற்றி ஒரே வரி: குடையை வீட்டில் வைத்துவிட்டு, தலைமூடி உள்ள மழைக்கோட்டும் நழுவாத காலணியும் எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் ஓடுவது பாறை முகட்டில். ஜூலையிலும் காற்று காதுக்குள் புகுந்து தலைவலி தரும். பெண்கள் புடவைக்கு மேல் நீளமான கோட்டு போட்டுக்கொள்ளாவிட்டால் நடக்கவே முடியாது. புல்வெளி முழுவதும் ஆடுகள், ஆகவே புழுக்கையும். திறந்த வாயிற்கதவை மூடிவிட்டு நடப்பது இங்கே எழுதாத சட்டம்.

நல்ல காலும் அரை நாளும் இருந்தால் ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹவுஸ்டெட்ஸ்வரை சுவரை ஒட்டி நடக்கலாம். ஐந்து கிலோமீட்டர் அளவு என்றாலும் ஏறி இறங்கும் கல்படிகள் அதை இரு மடங்காக உணர வைக்கும். இரண்டு குன்றுகளுக்கு நடுவில் தனியாக நின்ற அந்தப் புகழ்பெற்ற சைக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் ஓர் இரவில் இரண்டு பேர் அறுத்துத் தள்ளினார்கள். 2025இல் அவர்களுக்கு நான்கு ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. மரத்தின் அடிக்கட்டையில் துளிர் விட்டிருக்கிறது. மரம் இல்லை என்பதற்காக அந்த வழியைத் தவிர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கும். சுவர் பள்ளத்தில் விழுந்து மறுபக்கம் எழும் அழகு அப்படியேதான் இருக்கிறது.

திரும்பும் வழியில் கார்பிரிட்ஜில் இறங்குங்கள். ஹெக்ஸம் நிலவறைக்கும் சிறைக்கும் கல் கொடுத்த ரோமானிய நகரம் ஊருக்கு மேற்கே, நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. கடைத்தெரு, தானியக் களஞ்சியம், காலத்தால் அலை அலையாக நெளிந்த தரை. சிரியப் பாலைவனத்துப் பால்மைராவிலிருந்து வந்து 68 வயதில் இறந்த ஒருவரின் கல்லறைக் கல் இங்கே கிடைத்தது. ஊருக்குள் வந்தால் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில் கோபுரத்தடியில் ஒரு வளைவு. ரோமானிய வளைவை அப்படியே தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கொள்ளையருக்குப் பயந்து பாதிரியார் கட்டிக்கொண்ட சின்னக் கோபுர வீடு, அதுவும் அதே கல்.

ரயில் நிலையம் ஆற்றுக்குத் தெற்கே இருப்பதால் பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1674இல் கட்டிய ஏழு வளைவுப் பாலம். 1771 வெள்ளம் டைன் ஆற்றின் பாலங்களை அடித்துக்கொண்டு போனபோது இது மட்டும் தப்பியது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஹெக்ஸமில் புதுப் பாலம் கட்ட அழைத்தது சாதாரண ஆளை அல்ல, எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டனை. அவர் 1780இல் முடித்துக் கொடுத்த பாலம் 1782 வெள்ளத்தில், ஆற்றுப் படுகை அரித்துத் தூண்கள் சரிந்து, விழுந்துவிட்டது. இதைச் சொன்னதுதான் தாமதம், பெயர் பெற்ற பொறியாளரின் பாலம் போய், பெயர் தெரியாதவன் கட்டியது நிற்பதன் காரணத்தைத் தூணின் அடியில்தான் பார்க்க வேண்டும் என்று அப்பா கரைக்கு இறங்கத் தொடங்கிவிட்டார். ரயிலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அடுத்த ரயிலில் போனோம்.